பின்சீட்டு ஸ்டெப்னி

எங்கள் காரில் எனக்குப் பக்கத்தில் ஒரு டயர் உட்கார்ந்து வரும். சொன்னால் யாரும் நம்புவதில்லை. அப்பா பழையதாக வாங்கிய கார் அது. அதனோடு வந்த ஸ்டெப்னி ஒல்லியானது. அதை மாட்டினால் காரை மெதுவாக உருட்டிக்கொண்டுதான் போக முடியும். ஒருமுறை அம்மாவை எங்கள் ஊர் பிரம்மதேசத்திலிருந்து விழுப்புரம் ஆஸ்பத்திரிக்கு அவசரமாகக் கூட்டிப்போனபோது வழியில் பஞ்சராகி, அந்த ஒல்லிச் சக்கரத்தில்தான் ஊர்ந்து போனார்களாம். நான் அத்தை வீட்டில் இருந்தேன். ஒரு வாரம் கழித்து அம்மா பாதியாக இளைத்துத் திரும்பி வந்தாள். வயிற்றுவலி என்றார்கள், நம்பினேன்.

அடுத்த மாதமே அப்பா முழு அளவு டயர் ஒன்றை ரிம்மோடு வாங்கி வந்தார். டிக்கியில் வைத்தால் கதவு மூடவில்லை. பின்சீட்டில் நிறுத்தி, பெல்ட் மாட்டி, துணியில் கறை படாமலிருக்கப் பழைய சேலையைப் போர்த்திவிட்டார். ஞாயிறுதோறும் காற்று பார்ப்பார். ஆயுத பூஜைக்கு அதற்கும் சந்தனம், குங்குமம். "இன்னாடி, உன் தம்பி சௌக்கியமா?" என்று சித்தப்பா டயரைக் காட்டி என்னைக் கேலி செய்வார். எல்லோரும் சிரிப்போம். அம்மா மட்டும் எழுந்து உள்ளே போய்விடுவாள்.

எனக்கு அந்த டயர் மேல் அப்படி ஓர் எரிச்சல். இரண்டு வருஷம் பொறுத்துப் பார்த்தேன். அம்மா நிறைமாதமாக இருந்த சமயம், ஒரு திங்கட்கிழமை காலை அதை உருட்டிக்கொண்டு போய் வைக்கோல் போருக்குப் பின்னால் சாய்த்துவிட்டு, சேலைக்குள் இரண்டு தலையணைகளை வைத்தேன். இனி சாய்ந்து தூங்கிக்கொண்டே போகலாம் என்பது என் திட்டம்.

மறுநாள் மத்தியானமே அம்மாவுக்கு வலி எடுத்தது. விக்கிரவாண்டிக்கு முன்னால் பஞ்சர். அப்பா பின்கதவைத் திறந்து சேலையை உருவினார். தலையணைகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அடி விழப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன். டிக்கி திறக்கும் சத்தம்தான் கேட்டது.

முன்சீட்டில் சாய்ந்திருந்த அம்மா, "பெரிய டயரு இன்னாங்க ஆச்சு?" என்றாள்.

"காத்து இல்லமா. நான்தான் பாக்காம உட்டுட்டேன்."

மறுபடியும் ஒல்லிச் சக்கரம். லாரிகளெல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போயின. "ஜல்தி போங்களேன்" என்று அம்மா அழுதாள். "தோ வந்துட்டோம்மா, தோ வந்துட்டோம்" என்று சொல்லிக்கொண்டேயிருந்த அப்பாவின் சட்டை முதுகோடு ஒட்டிப் போயிருந்தது. நான் தலையணையைக் கட்டிக்கொண்டு அழுதேன். பயமாக இருந்தது.

தம்பி நல்லபடியாகப் பிறந்தான். நர்ஸம்மா நோட்டில் எழுதிக்கொண்டே, "உங்க வீட்டம்மாவுக்கு இது எத்தினாவது பிரசவங்க?" என்று கேட்டார்.

"மூணாவது" என்றார் அப்பா.

விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். நான் ஒன்று, தம்பி இரண்டு. மிச்சம் யார் என்று யோசித்ததும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சித்தப்பாவின் கேலியை அப்பா நிஜமென்றே எடுத்துக்கொண்டு, அந்த டயரையும் பிள்ளைகளோடு சேர்த்துச் சொல்கிறார் என்று நினைத்தேன். வீடு வந்து சேரும்வரை அவரோடு பேசவில்லை.