கோவாவின் பத்தாவது தகவல்

ஐந்தாம் வகுப்பில், ஏதாவது ஒரு கடற்கரைச் சுற்றுலாத் தலத்தைப் பற்றிப் பத்துச் சுவையான தகவல்கள் எழுதிவரச் சொன்னார்கள். நான் கோவாவை எடுத்துக்கொண்டேன். இரண்டே நாளில் புத்தகங்களிலிருந்து ஒன்பது சேர்ந்துவிட்டன. பரப்பளவில் நாட்டிலேயே சிறிய மாநிலம். அங்கே பழைய வீட்டு ஜன்னல்களில் கண்ணாடிக்குப் பதிலாகச் சிப்பி ஓடுகள் இருக்கும். முந்திரி மரம் போர்த்துக்கீசியரோடு கப்பலில் வந்தது. இப்படி வரிசையாக எண் போட்டு எழுதியிருந்தேன். பத்தாவதை மட்டும் நேரில் போய்வந்தவரிடம் கேட்டு எழுத வேண்டும், அவர் யார் என்றும் குறிப்பிட வேண்டும் என்பது மிஸ் வைத்த நிபந்தனை.

அப்பா கோவாவுக்கு நான்கு முறை போயிருந்தார். படப்பிடிப்புகளுக்கு மின்சாரம் கொடுக்கும் ஜெனரேட்டர் வண்டி அவருடையது. அதாவது, ஓட்டுவதும் பார்த்துக்கொள்வதும் அவர்; முதலாளி வேறு. கோடம்பாக்கத்திலிருந்து கோவா வரைக்கும் அவரே ஓட்டிக்கொண்டு போவார். ஆகவே பத்தாவது தகவல் வீட்டிலேயே இருக்கிறது என்று நிம்மதியாக இருந்தேன்.

“கடல் எப்படிப்பா இருந்துச்சு?”

“தெரியலையேம்மா. ஜெனரேட்டர் சத்தம் ஷாட்ல வரக்கூடாதுல்ல. வண்டியத் தென்னந்தோப்புக்கு அந்தாண்ட நிறுத்திடுவாங்க. நம்ம அத்த வுட்டு நகர முடியாது. டீசல் எங்க கெடைக்கும்னு கேளு, சொல்றேன்.”

“நாலு தபா போய்க்கினு வந்த ஆளு, ஒரு கிளிஞ்சல் எடுத்தாரல,” என்றாள் அம்மா, அடுப்பைவிட்டுத் திரும்பாமல்.

அப்பா சிரித்தார். எனக்கு எரிச்சலாக வந்தது. அலை பெரிதா, மணல் வெள்ளையா, நண்டு உண்டா என்று மாற்றி மாற்றிக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் ‘தெரியலையேம்மா’தான். மறுநாள் காலை நோட்டைக் கொடுத்தாக வேண்டும். தலை சீவிக்கொண்டே நான்தான் எழுதினேன்: ‘10. கோவா கடல் பச்சை நிறம். பார்த்தவர்: என் அப்பா, நான்கு முறை.’ நீலம் என்று எல்லோரும் எழுதுவார்கள் என்பதால் பச்சை.

கோபாலபுரத்தில் இருந்த அந்தப் பள்ளியில் என் பெஞ்சுக்காரி அந்த விடுமுறையில்தான் குடும்பத்தோடு கோவா போய்வந்திருந்தாள். “பச்சையெல்லாம் இல்ல மிஸ். நம்ம பெசன்ட் நகர் மாதிரிதான்,” என்றாள். மிஸ் என் நோட்டை மேஜைமேல் தனியாக எடுத்து வைத்தார். “சாயங்காலம் உங்கப்பா வருவாரில்ல, அவரையே கேட்டுடலாம்.”

அன்று மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து மூடினேன். இரண்டு முறை தண்ணீர் குடிக்கப் போனேன். ஜன்னல் கம்பிகளை எண்ணி, மறந்து, திரும்ப எண்ணினேன். அப்பாவுக்குப் பொய் சொல்ல வராது. அன்றைக்கென்று ஸ்கூட்டர் பஞ்சராகி அவர் வராமலே போனால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது.

சரியான நேரத்துக்கு வந்தார். சட்டையில் டீசல் கறை. கேட்டருகே மிஸ் நோட்டைப் பிரித்துக் கேட்டார்: “நீங்க கோவா போயிருக்கீங்களாமே. கடல் பச்சையாவா இருக்கும்?”

அப்பா அந்த வரியைப் படித்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் ஷூவைப் பார்த்தேன்.

“பச்சைதான் மேடம்,” என்றார். “நாலு தபா பாத்துக்கீறேன்.”

மிஸ் சிவப்பு மையில் டிக் போட்டார். பத்துக்குப் பத்து. பெஞ்சுக்காரி அதைப் பார்த்தாளா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தபடி ஸ்கூட்டரில் ஏறினேன்.

வள்ளுவர் கோட்டம் சிக்னலில் நின்றபோது அப்பா பாதி திரும்பினார்.

“ஏம்மா, நெசமாவே பச்சையாவா கீது?”

என்னைக் கலாய்க்கிறார் என்று நினைத்தேன். மாட்டிக்கொள்ளாமல் தப்பித்த தைரியத்தில், “உங்களுக்குத்தானேப்பா தெரியும், நாலு தபா போனவரு,” என்று பதிலுக்குக் கலாய்த்தேன். அவர் முன்பக்கம் திரும்பிக்கொண்டார். சிக்னல் விழுந்ததும் வண்டியை எடுத்தார்.

புத்தகத்தில் படித்த எனக்குத் தெரிந்திருக்கும் என்று நம்பி அவர் நிஜமாகவே கேட்டிருந்தார். அன்றைக்கு அது எனக்குப் புரியவில்லை.