எண்ணெய் வருமுன்னே எழுந்து நடந்தவர்

தெருவில் அவனுக்குக் கத்திரி என்று பெயர். கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டுவது தொழில். பெருமூளை வாதத்தோடு பிறந்தவன். வலது கையும் இரண்டு கால்களும் சொன்னபடி கேட்காது, பேச்சும் கொஞ்சம் குழறும். ஆனால் இடது கை ஒன்றாலேயே, மேடையில் கொட்டாவி விட்ட மாமனாரை மாயமாக்கிவிடுவான். வீட்டின் முன்னறையில் அக்காவின் தையல் மெஷின். பின்னறையில் அவனும் சக்கர நாற்காலியும் கம்ப்யூட்டரும்.

ஒருநாள் யூடியூப் சேனல்காரர் ஒருவர் புது வேலை அனுப்பினார். ஏதோ எண்ணெய்க்கு விளம்பரம். தேய்த்தால் போதுமாம், பெருமூளை வாதம் பறந்துவிடுமாம். திரையில் ஓர் இளைஞர் சக்கர நாற்காலியில் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். எண்ணெய் பாட்டில் இன்னும் வரவில்லை. அதற்குள் சடாரென்று எழுந்து, சோம்பல் முறித்து, கேமராவுக்குப் பின்னால் நின்றவரிடம் நடந்துபோய்க் கேட்டார்: "அண்ணே, டீ சொல்லியாச்சா?"

கத்திரி சிரித்தான். அவன் சிரித்தால் கை, கால், நாற்காலி எல்லாம் சேர்ந்து சிரிக்கும். கீபோர்டு பறந்துபோய்க் கட்டிலடியில் விழுந்தது. அக்கா அலறியடித்து ஓடி வந்தாள்.

"என்னடா ஆச்சு?"

"குணமாயிடுச்சுக்கா! எண்ணெயே இல்லாம!"

அக்காவும் பார்த்தாள். தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

கத்திரி சேனல்காரருக்கு போன் போட்டான். "சார், உங்க ஆளு எண்ணெய் வர்றதுக்கு முன்னாடியே நடந்துட்டாரு."

"அதைத்தானேப்பா வெட்டச் சொல்றேன்!"

"வேற ஆளைப் பாருங்க சார்."

சிரிப்பு அடங்கியதும் அவனுக்கு அம்மாவின் ஞாபகம் வந்தது. இதே மாதிரி ஓர் எண்ணெயை நம்பி, ஒரு கோடை முழுக்க அவன் கால்களைத் தேய்த்தவள். அன்றே தானும் ஒரு வீடியோ எடுத்தான். "இது எண்ணெயில போற சமாச்சாரம் இல்லைங்க. ஆனா பயிற்சி பண்ணா நல்லா சமாளிக்கலாம்" என்று சொல்லி, இறுகிய காலை வெடுக்கென்று இழுத்தும் காட்டினான்.

பாராட்டுகள் குவிந்தன. நடுவில் பிசியோதெரபிஸ்ட் ஒருத்தியின் பின்னூட்டம்: "பேச்சு அருமை. ஆனா காலை வேகமா இழுத்தா இன்னும் இறுகும். தயவுசெய்து மாத்துங்க."

கத்திரியின் முகம் சுருங்கிவிட்டது. "ஊரைக் கிண்டல் பண்ணிட்டு நானும் அதையே பண்ணிருக்கேனேக்கா!" வீடியோவை உடனே நீக்கினான். அந்த பிசியோதெரபிஸ்டை அழைத்து, "நீங்களே வந்து சொல்லிக் குடுக்கறீங்களா?" என்று கேட்டான்.

மறுவாரம் வந்தாள். அக்கா கேமராவைப் பிடித்தாள். "மெதுவா... இன்னும் மெதுவா..." என்று அவன் காலை நீட்டிக்கொண்டே வந்தவள், திடீரென்று பலமாகத் தும்மினாள். சத்தத்துக்கு அவன் உடம்பு தூக்கிவாரிப் போட, கால் எழும்பி அவள் கண்ணாடியைத் தட்டிவிட்டது.

"பாத்தீங்களா, இப்படித்தான் வேகமா பண்ணக்கூடாது!" என்றாள் அவள், கண்ணாடியைத் தேடிக்கொண்டே. மூவரும் வெடித்துச் சிரித்தார்கள். அக்கா கையில் கேமரா குலுங்கியது.

கத்திரி அதில் ஒரு நொடியைக்கூட வெட்டவில்லை. அப்படியே ஏற்றினான். முன்பின் தெரியாத ஒரு தாய் எழுதியிருந்தாள்: "என் பொண்ணு விழுந்து விழுந்து சிரிச்சா. சிரிச்சுக்கிட்டே பயிற்சியும் பண்ணிட்டா."

இப்போது ஞாயிறுதோறும் பிசியோதெரபிஸ்ட் வருகிறாள், படப்பிடிப்பு நடக்கிறது. சொல்வதெல்லாம் சரியா என்று அவள் பார்த்த பிறகே வீடியோ வெளியே போகும். சனிக்கிழமையே அவன் சட்டைக்கு இஸ்திரி போடச் சொல்லி அக்காவை நச்சரிக்கிறான்.

"காலுக்குப் பயிற்சிடா, சட்டையை யாரு பாக்கப்போறா?" என்கிறாள் அக்கா, பெட்டியைச் சூடாக்கிக்கொண்டே.