டெல்மர் ஹாகன், பதினான்கு, மில் தெரு

டெல்மர் ஹாகனை எங்கள் ஊரில் யாரும் கெட்டவர் என்று சொன்னதில்லை; நல்லவர் என்று சொன்னதும் இல்லை. பேச்சில் அடிபடும்படி அவர் எதையும் செய்து வைக்கவில்லை. வெள்ளத்துக்குப் பிறகு மில் தெருக்காரர்கள் வீடுகளை நகரசபைக்கே விற்றுவிட்டு மேட்டுக்குப் போனார்கள். இடித்த இடங்களில் புல் முளைத்தது. டெல்மர் மட்டும் நகரவில்லை. அவர் வாசலில் ஒரே ஒரு தெருவிளக்கு.

எதிர்வீட்டில் இருந்த ஆர்லிஸ் என்பவள்தான் கடைசியாகப் போனவள். அவளும் டெல்மரும் முப்பது வருடம் வேலியோரம் பேசியவர்கள்; ஒருவர் போன் நம்பர் இன்னொருவரிடம் கிடையாது. அவள் போனபின் ஒரு பழக்கம் வந்தது. இருட்டும் நேரத்தில் டெல்மர் விளக்கடியில் நின்று தொப்பியைக் கழற்றுவார். மேட்டில் அவள் சமையலறை விளக்கு ஒருமுறை அணைந்து எரியும். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

நான் நகரசபை எழுத்தர். அந்தக் குளிர்காலத்துக்குள் மின்சாரக் கம்பெனியோடு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. எங்கள் தெருக்களில் கம்பம் நடும் உரிமை அது. கம்பெனி இருபத்தைந்து வருடம் கேட்டது, நாங்கள் பத்து என்றோம். எட்டு மாத இழுபறிக்குப் பின் பதினைந்தில் நின்றது. மூன்று வீட்டுக்குக் குறைவான தெருவில் விளக்கைக் கழற்றலாம் என்ற வரியை அந்த மும்முரத்தில் ஒருவரும் பொருட்படுத்தவில்லை. டெல்மர் படித்திருந்தார்.

கருத்துக் கேட்கும் கூட்டத்துக்கு இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். கையில் நாலாக மடித்த தாள்.

"யாராவது பேசணுமா?" என்றார் மேயர்.

எங்கள் ஊரில் முதல் ஆளாக எழுந்திருப்பது அநாகரிகம். விருந்துகளில் கடைசிக் கேக் துண்டு தட்டிலேயே காயும். மற்றவர்கள் பேசட்டும் என்று டெல்மர் காத்திருந்தார். மற்றவர்கள் என்று யாரும் இல்லை. பார்வையாளர் நாற்காலிகளில் அவர் ஒருவர்தான்.

"சரி, யாரும் இல்ல," என்று மேயர் சுத்தியலைத் தட்டினார்.

ஒப்பந்தத்தை மூன்று கூட்டங்களில் மூன்று முறை வாசிக்க வேண்டும். இன்னும் இரண்டு வாய்ப்பு இருக்கிறதென்று டெல்மர் பேசாமல் இருந்துவிட்டார். வெளியே பனி கொட்டியது, கம்பெனி வக்கீல் வெகுதூரம் போக வேண்டும். மீதி வாசிப்புகள் வேண்டாம் என்று உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டு அன்றைக்கே முடித்தார்கள். 'யாரும் பேசவில்லை' என்று கூட்டக் குறிப்பில் எழுதினேன். டெல்மரைப் பார்த்துக்கொண்டே எழுதினேன். என்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

படியிறங்கும்போது அவரைப் பிடித்தேன். "ஏன் எந்திரிக்கல?"

"அவசரமா பேச வேண்டியவங்க யாராச்சும் இருப்பாங்கன்னு நெனச்சேம்மா." அப்போதுதான் தொப்பிக் கதையைச் சொன்னார்.

"ஆர்லிஸ் நம்பர் நான் தேடித் தர்றேன். விளக்கு போகப்போகுதுன்னு ஒரு போன் போட்டுச் சொல்லிடுங்க."

"போனா? என்னமோ ஆயிடுச்சுன்னு பயந்துருவா."

ஏப்ரலில் கம்பெனி ஆட்கள் வந்து விளக்கைக் கழற்றினார்கள். டெல்மர் அவர்களுக்குக் காபி போட்டுக் கொடுத்தார். அன்று இருட்டில் நின்று தொப்பியைக் கழற்றினாராம். மேட்டில் எதுவும் அணையவில்லை, மறுநாளும்.

மே மாதக் கூட்டத்தில் நாய்ப் பூங்கா விவகாரம். மேயர் கேட்டு முடிக்கும் முன்பே முதல் வரிசையிலிருந்து டெல்மர் எழுந்தார். மைக்கில் முதலில் பெயரும் முகவரியும் சொல்ல வேண்டும் என்பது விதி.

"டெல்மர் ஹாகன். பதினாலு, மில் தெரு."

"சொல்லுங்க டெல்மர். நாய் வளக்குறீங்களா?"

"இல்ல. அவ்வளவுதான்."

எங்கள் கூட்டம் உள்ளூர் டிவியில் நேரடியாக ஓடும். கேமராவைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றிவிட்டுப் போய் உட்கார்ந்தார். உறுப்பினர்கள் சிரித்தார்கள். நான் பெயரையும் முகவரியையும் குறிப்பில் ஏற்றினேன்.

இப்போது டெல்மர் ஒரு கூட்டமும் விடுவதில்லை. "ஆர்லிஸ் டிவி பாக்குறாளான்னு கேட்டுட்டு வரட்டுமா?" என்றேன் ஒருநாள்.

"வேணாம்மா. இல்லன்னு சொல்லிட்டா, அப்புறம் நான் எங்க போவேன்?"

அவர் தொப்பியைக் கழற்றும் நேரத்தில் மேட்டில் ஒரு விளக்கு அணைந்து எரியலாம். எங்கள் கூட்ட அறைக்கு ஜன்னல் கிடையாது.