வண்டியை விட்டு இறங்காதவள்

போன் அடித்தால் முதலில் எடுப்பது வேன்காரர்தான். "சாப்டீங்களாப்பா?" என்று மகள் கேட்பாள். "வண்டி ஓடுதா?" என்பாள். மூன்றாவதாக வருவது எப்போதும் ஒன்றுதான்: "அம்மாகிட்ட குடுங்க." படிப்புக்காக வெளிநாடு போன நாளிலிருந்து இப்படித்தான். அதற்கு முன்னால் விடுதியில் தங்கிப் படித்தபோதும் இப்படித்தான். செருப்புக்குள் மாட்டிய பொடிக்கல் மாதிரி அது வருடக்கணக்காக அவரை உறுத்திக்கொண்டிருந்தது. குனிந்து எடுத்துப் போடவும் மனசு வரவில்லை.

வீட்டில் எந்தச் சேதியும் அவருக்கு இரண்டாம் கைதான். என்ன படிப்பு, எந்த நாடு, எல்லாம் அடுப்படியில் தாயும் மகளும் பேசி முடிவாகும். கையெழுத்துப் போடும் அன்றைக்கு இவரைக் கூப்பிடுவார்கள். "இவ்வளவு தூரம் எதுக்கு?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். "எட்டாவதோட நிறுத்தினவங்களுக்கு எல்லாமே தூரமாத்தான் தெரியும்" என்றாள் மனைவி. அத்தோடு வாயை மூடிக்கொண்டார். உப்புக்குச் சப்பாணிக்கு ஆட்டத்தில் என்ன பேச்சு.

எட்டாவதோடு நின்றவர் லாரியில் கிளீனராக ஏறி, ஓட்டப் பழகி, கடைசியில் சொந்தமாக ஒரு வேன் வாங்கினார். ஊர் சுற்ற வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு ஏரி, அணை, கோட்டை என்று காட்டிக் கொண்டுவந்து விடுவதுதான் பிழைப்பு. மற்றவர்களுக்கு ஊரைக் காட்டியே முடி நரைத்தவர். அவருக்கு ஒருவர் ஊரைக் காட்டுவது இதுதான் முதல் தடவை.

மகளைப் பார்க்க இரண்டு பேரும் சேர்ந்து போவதாகத்தான் ஏற்பாடு. கிளம்பும் நேரத்தில் மனைவி மாடிப்படியில் வழுக்கிக் காலில் மாவுக்கட்டோடு படுத்துவிட்டாள். படுத்த இடத்திலிருந்தே உத்தரவு வந்தது: "ஊரைப் பாத்தோமா வந்தோமான்னு இருங்க. படிக்கிற புள்ளைய எதாவது பேசிக் கொழப்பிடாதீங்க." மகள் படிப்பை முடித்து அங்கேயே பெரிய வேலையில் உட்காரப் போகிறாள் என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தவள் அவள்.

வேன்காரருக்கு உள்ளூர வேறு ஒரு பயம். மச்சானின் பையனும் இப்படித்தான் பெற்றவர்களை வரவழைத்து, ஒரு வாரம் ஊரெல்லாம் சுற்றிக் காட்டினான். கடைசி நாள் நல்ல சாப்பாடாக வாங்கிக் கொடுத்துவிட்டு, "நான் இனிமே அங்க வரலப்பா" என்றான். மச்சான் பேயறைந்தவர் போலத் திரும்பி வந்தார். தனக்கும் அந்தச் சாப்பாடு காத்திருக்கிறது என்று விமானத்தில் ஏறும்போதே வேன்காரர் முடிவு கட்டிவிட்டார். முடியாது என்று சொல்ல நாலு வாக்கியம் யோசித்தும் வைத்திருந்தார்.

மூன்று பெண்கள் சேர்ந்து எடுத்த வீட்டில், சாய்ந்த கூரைக்கு அடியில் இருந்தது மகளின் அறை. கட்டிலை அவருக்குக் கொடுத்துவிட்டு அவள் பக்கத்து அறைத் தரையில் படுத்துக்கொண்டாள். அலமாரியில் தடித்தடிப் புத்தகங்கள் அடுக்கியிருந்தன. அவற்றின் மேல் இஸ்திரிப் பெட்டி, அதன் மேல் மடித்த துண்டு. அவள் கையைப் பார்த்தார். சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவப் போவதாக அவள் சொன்னதுண்டு. விரல் இடுக்கெல்லாம் சிவந்து வெடித்திருந்தது. கேட்க வாயெடுத்தார். கொழப்பிடாதீங்க என்ற உத்தரவு ஞாபகம் வந்தது. விட்டுவிட்டார்.

மறுநாள் சுற்றல் தொடங்கியது. பேருந்தில் அவர் கால் தன்னால் தரையை மிதித்துப் பிரேக் போட்டுக்கொண்டே வந்தது. "அப்பா, அவர் ஓட்டிக்குவாரு. நீங்க சும்மா வாங்க" என்றாள் மகள். அவ்வளவுதான் அன்றைக்கு அவள் சிரித்தது.

மணிக்கூண்டு, ஆற்றுப் பாலம், அருங்காட்சியகம் என்று வரிசையாகக் காட்டினாள். இடது பக்கம் பாருங்க, இது ரொம்பப் பழசு, அங்க நில்லுங்க போட்டோ எடுக்கிறேன். கேட்கக் கேட்க வேன்காரருக்கு எங்கேயோ கேட்ட குரல் போல இருந்தது. அவருடைய குரல்தான் அது. சீசன் முடிகிற சமயத்தில், தொண்டை வறண்டு, எப்போது வண்டியைக் கொண்டுபோய் நிறுத்துவோம் என்றிருக்கும்போது அவரும் இப்படித்தான் காட்டுவார். இவளுக்கு எந்தச் சீசன் முடிகிறது என்றுதான் புரியவில்லை.

ஒவ்வொரு இடத்திலும் மனைவி வீடியோவில் வந்துவிடுவாள். "போனைத் திருப்புங்க, பாலத்தை மறைச்சுக்கிட்டு உங்க மண்டைதான் தெரியுது" என்பாள். பிறகு போன் மகள் கைக்குப் போகும். மகள் முகம் மலரும், குரல் ஏறும். போனை அணைத்த கையோடு கடை ஷட்டரை இழுத்து விட்டதுபோல எல்லாம் இறங்கிவிடும்.

மூன்றாம் நாள் குன்றின் மேல் இருந்த கோட்டைக்குப் போனார்கள். பேருந்து பாதி மேடு வரைக்கும்தான் போகும். அதற்குமேல் படி. படிக்குக் கீழே இருந்த பெஞ்சில் மகள் உட்கார்ந்தாள்.

"நீங்க போய்ப் பாத்துட்டு வாங்கப்பா. நான் இங்கயே இருக்கேன்."

வேன்காரர் ஒரு படியில் வைத்த காலை எடுத்துவிட்டார். அவருக்குத் தெரியாத வார்த்தையா அது. ஒவ்வொரு பயணத்திலும் ஒருத்தர் இதைச் சொல்வார். எல்லாரும் இறங்கிப் போவார்கள், அந்த ஒருத்தர் மட்டும் தலைவலி என்று சொல்லி வண்டியிலேயே உட்கார்ந்திருப்பார். தலைவலியும் கிடையாது, ஒன்றும் கிடையாது. அவருடைய பயணம் முடிந்துவிட்டது. ஆசையாகக் கூட்டிவந்தவர்களிடம் அதைச் சொல்ல வெட்கம், அவ்வளவுதான். அப்படிப்பட்டவரிடம் வேன்காரர் எதுவும் கேட்கமாட்டார். டீ வாங்கிக் கொடுத்துவிட்டுத் தன் சீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பார். டீ பாதி இறங்குவதற்குள் அவர்களே வாயைத் திறந்துவிடுவார்கள்.

பக்கத்துப் பெட்டிக்கடையில் விரலைக் காட்டி இரண்டு காகிதக் கோப்பையில் டீ வாங்கி வந்தார். ஒன்றை அவளிடம் கொடுத்துவிட்டுப் பெஞ்சின் அடுத்த ஓரத்தில் உட்கார்ந்தார்.

"கோட்டை பாக்கலையா?"

"கல்லுதான. நம்ம ஊர்லயும் கெடக்கு."

அவள் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வெகுநேரம் படிகளையே பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"மறுபடியும் ரெண்டு பேப்பர் போயிடுச்சுப்பா. ஆனா அதனால இல்ல. பாஸானாலும் எனக்கு இது ஆகல. காலைல எந்திரிக்கும்போதே எப்படா படுக்கலாம்னு இருக்கு." குரல் உடையவில்லை. உடையக்கூடத் தெம்பில்லாத குரல். "நான் வீட்டுக்கு வந்துடட்டுமா?"

விமானத்தில் யோசித்து வைத்த நாலு வாக்கியமும் ஒன்றுக்கும் உதவாமல் போயின. வேறு ஒன்று மட்டும் நுனி நாக்கில் வந்து நின்றது. அன்றைக்கே நான் சொன்னேனே, கேட்டீர்களா. எத்தனை வருடமாகக் காத்திருந்த வார்த்தை, எவ்வளவு வாகான இடம். அவள் விரல் வெடிப்பைப் பார்த்தார். ஒரு வாய் டீயோடு சேர்த்து அதையும் விழுங்கினார்.

"இதைச் சொல்லவா என்னை இவ்வளவு மேடு ஏத்துன?" என்றார். "வீட்டுப் படியிலயே சொல்லியிருக்கலாம்ல, பஸ் காசாவது மிச்சமாயிருக்கும்."

அவள் பதில் வரட்டும் என்று காத்திருந்தாள்.

"பாதி வழியில எறங்கினவங்க எத்தனையோ பேரை நான் பாத்திருக்கேன்ம்மா. ஒருத்தரும் கெட்டுப் போயிடல. கெளம்பி வா."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். ஆறிப்போன டீயை ஒரே மூச்சில் குடித்து முடித்தாள். அப்போதுதான் அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார். மனைவி. கோட்டையைப் பார்க்கத் தயாராகக் காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

பழக்க தோஷத்தில் போனை அப்படியே மகளிடம் நீட்டினார். அவள் வாங்கவில்லை. அவர் கையோடு சேர்த்து அதை அவர் பக்கமே மெல்லத் தள்ளினாள்.

"அம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்கப்பா."