கைப்பிடியைத் தொடாமல்

உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறவர் என்று யாரையாவது சொன்னால் அது வசவு. சோபாக்கா விஷயத்தில் அதுதான் உத்தியோகம். ஒரு குடும்பம் ஆரம்பித்து நடத்திவரும் சோபா கம்பெனியில் எந்தப் புது மாடல் தயாரானாலும் அதில் முதலில் உட்காருகிறவர் அவர்தான். அவர் தலையாட்டிய பிறகுதான் அது தொழிற்சாலைப் பக்கம் போகும்.

ஆரம்பத்தில் அவர் உறை தைக்கும் பிரிவில் இருந்தார். ஒரு நாள் மதியம், தைத்த உறை சரியாகப் பொருந்துகிறதா என்று பார்க்கப் போனவர், மாதிரி நாற்காலியில் சும்மா ஒரு நிமிஷம் சாய்ந்தார். அப்படியே தூங்கிப்போனார். கம்பெனியைத் தொடங்கிய பெரியவர் எதிரில் வந்து நின்றதுகூடத் தெரியவில்லை. கண் விழித்ததும் வேலை போச்சு என்றுதான் நினைத்தார். பெரியவரோ முதுகு எங்கே இளகியது, கழுத்தை எது தாங்கியது என்று குடைந்து குடைந்து கேட்டார். வீட்டு ஆட்களை உட்கார வைத்தால் எல்லாவற்றையும் பிரமாதம் என்கிறார்கள், எனக்கு வெளி ஆள்தான் வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டார்.

தூங்கிப் பதவி உயர்வு வாங்கிய ஒரே ஆள் நீதான் என்று கணவர் இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார். அவர் பஸ் டிரைவர். அவருக்கும் நாள் முழுக்க உட்காரும் பிழைப்புதான். அதனால் சாயங்காலம் வீடு திரும்பினால் இரண்டு பேரும் சமையலறையில் நின்றபடியேதான் டீ குடிப்பார்கள். அந்த வீட்டில் நாற்காலி விருந்தாளிக்கு மட்டும்தான்.

அக்காவின் வேலைக்குப் பெரியவர் வைத்த முறை ஒன்று உண்டு. நன்றாகச் சாய்ந்து உட்கார வேண்டும். ஒரு பத்திரிகையை முழுக்கப் புரட்ட வேண்டும். பிறகு கைப்பிடியைத் தொடாமல் எழுந்திருக்க வேண்டும். கை ஊன்றினால் அந்த நாற்காலி திரும்ப வரைபலகைக்குப் போய்விடும். முன்பக்கம் ஃபோம் கூடுதலாக இருந்தால் தொடை மரத்துப்போகும் என்பார் அக்கா. சாய்மானம் ஒரு விரல் அளவு பின்னால் போயிருந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். பெரியவரின் மகள் வெளியூரில் டிசைன் படித்துவிட்டு வந்து பொறுப்பேற்ற பிறகும் இந்த முறை மாறவில்லை. பள்ளிச் சீருடையில் அவளைப் பார்த்துப் பழகியதால் அக்காவுக்கு அவள் இன்னும் பாப்பாதான். பாப்பாவுக்கு நாற்பது தாண்டிவிட்டது. அக்கா எழுந்துவிட்டால் ஊரே எழுந்துவிடும் என்று பாப்பா எல்லோரிடமும் சொல்வாள்.

கோளாறு முழங்காலில் வந்தது. ஒரு வருஷமாக இரண்டு முட்டியும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. அக்கா யாரிடமும் மூச்சு விடவில்லை. உட்காரும் வேலை போனால் தையல் பிரிவுக்குத் திரும்ப வேண்டும். இந்த முட்டியை வைத்துக்கொண்டு மெஷின் மிதிக்க முடியாது. ஆக, வீட்டுக்குத்தான் அனுப்புவார்கள். அதைவிட, இந்த வேலையைப் போல இன்னொன்று உலகத்தில் தனக்கு வாய்க்காது என்பது அவருக்குத் தெரியும். பயந்தார். விளிம்பு வரைக்கும் மெல்ல நகர்ந்து, உடம்பை முன்னால் தள்ளி, ஏதோ எட்டிப் பார்ப்பது போல எழுந்து ஒப்பேற்றிவந்தார்.

அப்போதுதான் பாப்பா அந்தப் புது நாற்காலியை வடிவமைத்தாள். அகலம், ஆழம், தரையோடு தரையாகத் தாழ்வு. காலே வெளியில் தெரியாது. இரண்டு கையையும் குவித்து ஏந்தியது போல இருந்தது. அக்கா உட்கார்ந்தார். அவ்வளவு சுகம். முதுகைப் பற்றி அவர் சொன்ன பாராட்டில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. எழுந்திருக்கும் நேரம் வந்தபோது முட்டி கையை விரித்துவிட்டது. விளிம்பு எங்கோ தூரத்தில் இருந்தது. நல்ல வேளையோ கெட்ட வேளையோ, பாப்பாவுக்கு போன் வந்தது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பியதும் அக்கா கைப்பிடி இரண்டையும் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு மேலே வந்தார். பேசி முடித்துத் திரும்பியவள், எழுந்துவிட்டீர்களா என்று கேட்டாள். எழுந்துவிட்டேன் என்றார் அக்கா. எப்படி என்று பாப்பா கேட்கவில்லை.

வியாபாரிகளுக்குக் காட்டும் நாளில் ஷோரூம் நடுவே மேடை போட்டு இரண்டு நாற்காலிகளை ஜோடியாக வைத்திருந்தார்கள். பெரியவர் வெகுநாள் கழித்து வந்தார். கைத்தடியைக் காரிலேயே விட்டுவிட்டார், அவ்வளவு வீம்பு. வா, நாம இரண்டு பேரும் உட்கார்ந்து பார்ப்போம் என்று அக்காவையும் கூப்பிட்டுக்கொண்டார். இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். படம் எடுத்தார்கள். பேச்சு முடிந்தது, கை தட்டினார்கள். இரண்டு பேரும் உட்கார்ந்தே இருந்தார்கள்.

பெரியவர் சிரித்த முகம் மாறாமல் பக்கத்தில் சாய்ந்தார்.

"நீ இதுல எப்படி எழுந்தே?"

"எழுந்திரிக்கல ஐயா. பாப்பா அந்தப் பக்கம் திரும்பினப்போ கைப்பிடியைப் பிடிச்சு ஏறி வந்தேன். முட்டி போய் ஒரு வருஷம் ஆச்சு. சொன்னா வேலை போயிடும்னு பயம்."

பெரியவர் தன் நாற்காலியின் கைப்பிடியை அமுக்கிப் பார்த்தார். உள்ளங்கை வழுக்கியது. எண்பது வயதில் இத்தனை பேர் முன்னால் தவழ்ந்து இறங்குவதாக இல்லை, எல்லோரும் கிளம்பும்வரை இப்படியே இருப்போம் என்று முணுமுணுத்தார். ஆனால் ஒருவரும் கிளம்புகிறபாடாகத் தெரியவில்லை. ஐயாவுக்கு எழுந்திருக்கவே மனசு வரவில்லை பாருங்கள் என்றார் ஒரு வியாபாரி. இதே அளவில், இதே உயரத்தில் தன் கடைகள் எல்லாவற்றுக்கும் வேண்டும் என்றார் இன்னொருவர். பாப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பா அவள் செய்த எதிலும் இவ்வளவு நேரம் உட்கார்ந்ததில்லை.

அக்கா கூட்டத்தைப் பார்த்தார். பேசாமல் இருந்தால் பாப்பாவுக்குத் தெரியாது, வேலை மிஞ்சும். ஆனால் இந்த நாற்காலி இன்றைக்கே முடிவாகி, வீடு வீடாகப் போய்விடும். பக்கத்தில் பெரியவரின் கழுத்து வியர்த்திருந்தது.

"பாப்பா, இங்க வா. என்னால எழுந்திரிக்க முடியல. கை குடு."

கூட்டம் சிரித்தது. உங்களுக்கும் மனசு வரலையா அக்கா என்று பாப்பாவும் சிரித்துக்கொண்டே வந்தாள்.

"மனசு இருக்கு. முட்டிதான் இல்ல."

பாப்பா கையைக் கொடுத்து இழுத்தாள். முதல் தடவை வரவில்லை. இரண்டாம் தடவை காலை ஊன்றி இழுத்தபோதுதான் அவள் சிரிப்பு நின்றது. அக்காவின் கையை விடாமலேயே, அன்றைக்கும் இப்படித்தானா என்று குரலைத் தணித்துக் கேட்டாள். அக்கா தலையை ஆட்டினார்.

"அப்போ இந்த வருஷம் நீங்க சரின்னு சொன்ன மத்ததெல்லாம்?"

அக்காவுக்கு முகம் எரிந்தது. எல்லாவற்றிலும் மறுபடி உட்கார்ந்து உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், அதற்குப் பிறகு வேறு ஆளை வைத்துக்கொள் என்றார். வியாபாரிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"வேற ஆள் எதுக்கு? அதெல்லாம் நாளைக்கு அவளே உட்கார்ந்து சொல்லுவா. நீ பக்கத்துல நின்னு பாரு," என்று கீழேயிருந்து குரல் வந்தது. பெரியவர் எல்லோரும் பார்க்க இரண்டு கைகளையும் நீட்டினார். "இப்ப ரெண்டு பேருமா சேர்ந்து என்னைத் தூக்கிவிடுங்க."