உரக்கடையில் ஒரு பச்சை விளக்கு

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் முகத்துக்கு நேரே சிரிக்கிற ஆள் நான். இப்போது நீங்கள் சிரித்தாலும் கோபப்பட மாட்டேன், ஆனால் முழுசாகக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

தேனியில் வீட்டில் உட்கார்ந்தபடியே, போடியிலிருந்து லோயர் கேம்ப் வரை நாற்பது கடைகளின் கம்ப்யூட்டர்களைக் கவனித்துக்கொள்வதுதான் என் பிழைப்பு. ஒவ்வொன்றிலும் ஒரு கண்காணிப்பு சாஃப்ட்வேர் போட்டு வைத்திருக்கிறேன். எது ஓடுகிறது, எது சூடாகிறது, கீபோர்டில் கடைசியாக எப்போது கை பட்டது என்பதுவரை என் லேப்டாப்பில் தெரிந்துவிடும், வேண்டுமென்றால் இங்கிருந்தே இயக்கவும் முடியும். ஓடினால் பச்சை, அணைந்திருந்தால் சிவப்பு. வருஷத்தில் ஒரே ஒரு நாள், ஆயுத பூஜையன்று, அத்தனையும் சிவப்பாகிவிடும். சந்தனம், குங்குமம் வைத்து மாலை போட்ட கம்ப்யூட்டரை மறுநாள் பூஜை முடியும்வரை யாரும் தொட மாட்டார்கள். என் லேப்டாப்பை மட்டும் நான் பூஜைக்குக் கொடுப்பதில்லை. "ஒரு பொட்டு வச்சா கொறஞ்சா போயிருவீக?" என்று என் மனைவி வருஷா வருஷம் சண்டை போடுவாள்.

மூன்று வருஷம் இருக்கும். ஆயுத பூஜையன்று மதியம் சும்மா திறந்து பார்த்தேன், சிவப்புக்கு நடுவே ஒரே ஒரு பச்சை. காமயகவுண்டன்பட்டி உரக்கடை. கடைசியாகக் கை பட்டது 'இப்போது' என்று காட்டியது. ஒரு நிமிஷம் கழித்துப் பார்த்தாலும் 'இப்போது'. அப்படியென்றால் யாரோ விடாமல் அடித்துக்கொண்டே இருக்கிறார்கள். சாஃப்ட்வேர் கோளாறு, வேறென்ன என்று லேப்டாப்பை மூடிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டேன். வடை, பாயசம் எல்லாம் ஆகி அரை மணி நேரம் கழித்து வந்து திறந்தால், மறுபடியும் பச்சை, மறுபடியும் 'இப்போது'.

எரிச்சலோடு கடைக்காரர் முருகேசன் அண்ணனுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"வெளாடுறியாப்பா? பிளக்க நாந்தேன் புடுங்கிச் சுருட்டி வச்சேன். சாமி கும்பிட்டுப் பூட்டுன கடைய இன்னைக்கே எப்படித் தொறக்குறது?"

"அண்ணே, உள்ள யாரோ இருக்காகண்ணே. ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வாங்க, தப்பா இருந்தா என்னைய வைங்க."

திட்டிக்கொண்டேதான் போனார். கால் மணி நேரத்தில் அவரே கூப்பிட்டார். பூஜை முடிந்ததும் ஏணி எடுக்கப் பின்பக்கக் குடோனுக்குப் போன மூட்டை தூக்கும் மாயாண்டி அண்ணன் மேல் உர மூட்டைகள் சரிந்து, கால் நசுங்கிக் கிடக்கிறாராம். அவர் வீட்டுக்குப் போய்விட்டார் என்று நினைத்து முருகேசன் அண்ணன் ஷட்டரை இறக்கிவிட்டார். ரத்தம் நிறையப் போயிருந்தது, ஆனால் உயிர் இருந்தது.

கம்ப்யூட்டர்? நம்பினால் நம்புங்கள், பிளக் சுருட்டியபடியே இருந்திருக்கிறது. கீபோர்டின் மேல் பூஜைக்குத் தூவிய பொரிகூடக் கலையவில்லையாம். அந்த சாஃப்ட்வேரைப் பிரித்து மேய்ந்துவிட்டேன், ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

ஒரு வாரம் கழித்து மாயாண்டி அண்ணனைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். பிடித்த கையை விடவே இல்லை.

"கத்திக் கத்திப் பாத்தேன் தம்பி, ஆட்டோ ஸ்டாண்டுல பூசைக்குப் போட்ட ரேடியோ செட்டு சத்தத்துல ஒருத்தருக்கும் கேக்கல. கண்ணு சொருகிருச்சு. அந்நேரம் பாத்து முன்பக்கம் கம்ப்யூட்டரு டக்கு டக்குன்னு அடிக்குது. நீங்கதேன் தேனியில இருந்து அடிக்கிறீகன்னு நெனச்சேன். தம்பி பாத்துக்கிட்டு இருக்காக, ஆள அனுப்பிருவாகன்னு அதக் கேட்டுக்கிட்டே கண்ண மூடாமக் கெடந்தேன்."

நான் எதையும் அடிக்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் அவரே கேட்டார்.

"நடுவுல ரொம்ப நேரம் நிப்பாட்டிப்புட்டீகளே தம்பி, அப்பத்தேன் பயந்துட்டேன். எங்கன போயிருந்தீக?"

லேப்டாப்பை மூடிவிட்டு வடை, பாயசம் சாப்பிடப் போயிருந்தேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? நான் பார்த்துக்கொண்டிருந்தபோது மட்டும் அது ஏன் அடித்தது என்று எனக்கே தெரியாது. இப்போதெல்லாம் ஆயுத பூஜையன்று காலையிலிருந்து லேப்டாப்பை மூடுவதில்லை, அதன் எதிரிலேயே இலை போட்டுத்தான் சாப்பிடுகிறேன்.