மேஜைக்குப் படுக்கை போட்ட கதை

நர்ஸ் விடுதி நோட்டீஸ் போர்டில் இதை ஒட்டினால் வார்டன் திட்டுவார். திட்டட்டும்.

இன்று மாலை நம் சாப்பாட்டுக் கூடத்தில் மெர்ஸிக்கு நிச்சயதார்த்தம் நடந்தது. மாப்பிள்ளை ஆம்பூர் தோல் ஃபேக்டரியில் சூப்பர்வைசர். கல்யாணத்துக்குப் பிறகு மெர்ஸி வேலையை விட வேண்டும் என்பது அவர் அம்மாவின் கண்டிஷன். நேற்று முழுக்க அழுதாள்.

நம் நீள மேஜைகளின் லட்சணம்தான் தெரியுமே, எல்லாம் சாம்பார் கறை. நாங்கள் நான்கு பேர் எங்கள் வெள்ளைப் படுக்கை விரிப்புகளைப் போட்டு மூடி, நடுவில் கனகாம்பரச் சரம் வைத்தோம். நாற்காலி முதுகுகளில் காயத்துக்குக் கட்டும் காஸ் துணியால் பூ முடிச்சு. (ஹெட் சிஸ்டருக்கு: கடையில் வாங்கியது, வார்டிலிருந்து எடுக்கவில்லை.)

மாப்பிள்ளையின் அம்மா மகனோடு வந்ததும் மேஜையைத்தான் பார்த்தார். பழக்கதோஷத்தில் நாலு மூலையையும் வார்டு கட்டில் போலவே மடித்து இறுக்கிச் செருகியிருந்தோம்.

"இன்னாம்மா இது? பேஷண்டு எப்ப வருவாரு?"

மெர்ஸிதான் வாய் திறந்தாள். "வந்துட்டாரு அத்தை. உங்க பக்கத்துலதான் நிக்கிறாரு."

அந்த அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சாப்பிடும்போது அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் இழுத்த இழுப்புக்கு ஒரு விரிப்பும் நகரவில்லை. அதையும் கவனித்தார்.

கிளம்பும்போது சொன்னார்: "கல்யாணத்துக்கும் நீங்களே மேஜை போட்டுடுங்க. மெர்ஸி, லீவு இப்பவே கேட்டு வெச்சுக்கோ. ஜாஸ்தி நாள் குடுக்க மாட்டாங்க."

லீவு! வேலையை விடச் சொன்னவர் வாயால்!

சரி, அன்றைக்கு எங்கள் நாலு பேர் டூட்டியை யார் பார்ப்பீர்கள்? கீழே பெயர் எழுதுங்கள். பென்சில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன்.